வசூலுக்கு வருகிறவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

இரண்டு தவணை தவறினால் போதும், வீட்டில் யாரும் போனை எடுக்கத் துணிவதில்லை. மணி அடித்தால் சின்னப் பிள்ளைகூட "அம்மா, லோன்காரங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. வாசலில் தெரியாத பைக் நின்றால் உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுகிறது. வந்தவர் கதவைத் தட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சோறுதானே தின்றீங்க?" என்று ஆரம்பிக்கிறார். அடுத்த நாள் நகையை அடகு வைத்தோ, இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்கியோ அந்தத் தவணையைக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் புதுக் கடனுக்கு அடுத்த மாதம் இன்னொரு பைக் வரும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடனைக் கட்டாமல் தப்பிக்க இதில் வழி கிடையாது. வாங்கிய கடன் கடன்தான். ஆனால் அதைக் காட்டி ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தி அவமானப்படுத்துவது தனி விஷயம், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பணம் பாக்கி இருப்பதால் திட்டு வாங்கியே ஆகவேண்டும் என்று நம்மில் பலர் மனதார நம்புகிறோம். வசூலுக்கு வருகிறவரின் பலமே அந்த நம்பிக்கைதான்.

ஜெயிலில் போட்டுவிடுவார்களா?

பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றம் கிடையாது. அது சிவில் வழக்கு. கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கிருந்து உங்களுக்குச் சம்மன் வரும், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும், அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. தீர்ப்பே வந்தாலும், கையில் இல்லாததால் கட்ட முடியாதவரைச் சிறையில் அடைக்கக் கூடாது, வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவருக்குத்தான் அது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பெண்களுக்கு இன்னும் ஒரு படி பாதுகாப்பு உண்டு. பணம் கட்டச் சொல்லும் சிவில் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்ய உத்தரவிடவே கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு. மகளிர் குழுக் கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர்களிடம்தான் "போலீஸ் வண்டி வரும்" என்ற மிரட்டல் அதிகம் ஓடுகிறது.

விதிவிலக்குகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்காகும், இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. கணக்கிலிருந்து தவணை தானாக எடுக்கும் ஏற்பாடு பவுன்ஸ் ஆனாலும் இதே கதைதான். ஆனால் உடனே கைது என்று அர்த்தமில்லை. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம் உண்டு. அதனால் பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள். நோட்டீஸை வாங்கிப் படித்து, வழக்கறிஞரிடம் காட்டிப் பதில் கொடுங்கள். பொய் ஆவணம் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் அது மோசடி, அதற்கு இங்கே சொல்வது எதுவும் உதவாது.

"அண்டா குண்டாவைத் தூக்கிட்டுப் போயிடுவோம்" என்பது அடுத்த மிரட்டல். நீதிமன்றமே ஜப்தி செய்தாலும் தொடக்கூடாத பொருள்கள் என்று அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணம், அதாவது நம்ம ஊர்ப் பழக்கத்தில் தாலி. தையல் மெஷினை வைத்துப் பிழைக்கிற பெண்ணிடம் போய் அதைத் தூக்குவேன் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தை அவர் தனக்கு எடுத்துக்கொள்கிறார். சம்பளத்திலும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் சாதாரணக் கடனுக்காகப் பிடிக்க முடியாது.

யாரிடம் வாங்கினீர்கள்?

எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பது கடன் கொடுத்தவரைப் பொறுத்தது. வங்கி, பைனான்ஸ் கம்பெனி, மைக்ரோ பைனான்ஸ் ஆகியவை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் வருகின்றன. ஊரில் வட்டிக்கு விடுகிறவர், தண்டல்காரர் ஆகியோர் மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். செல்போன் ஆப்களில் சில முறையானவை, பல திருட்டுத்தனமானவை.

முதல் வகையைப் பார்ப்போம். வசூல் ஏஜென்டுகள் செய்யும் எல்லாவற்றுக்கும் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று ஒரு சுற்றறிக்கையில் மறுபடியும் அழுத்திச் சொன்னது. "அது ஏஜென்சிகாரன் பண்ணினது, எங்களுக்குத் தெரியாது" என்று கிளை மேலாளர் கை கழுவ முடியாது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. விடாமல் போன் அடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. கெட்ட வார்த்தை, அடி, மிரட்டல், பொது இடத்தில் அவமானப்படுத்துவது, பெயர் சொல்லாமல் மிரட்டுவது, தகாத மெசேஜ் அனுப்புவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லை செய்வது, எல்லாமே தடை. ஏஜென்டிடம் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்திருந்தால், அதை முடித்துவைக்கும் வரை உங்கள் கணக்கை வங்கி வசூல் ஏஜென்சியிடம் தள்ளிவிடக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. வீம்புக்காகத் திரும்பத் திரும்பப் புகார் போடுகிறவருக்கு அது பொருந்தாது. நியாயமான புகாரைச் சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிடுவது எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே புரியும்.

வண்டிக் கடனுக்கும் ஒரு வார்த்தை. ரோட்டில் மறித்துச் சாவியைப் பிடுங்குவது சட்டப்படி சரி கிடையாது. கடன் வசூலுக்கு ஆள்பலத்தைப் பயன்படுத்தக் கூடாது, சட்ட வழியில்தான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வண்டியை எடுக்கும் ஷரத்து இருந்தாலும், எத்தனை நாள் நோட்டீஸ், கடைசி வாய்ப்பு எப்போது, ஏலம் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வீட்டுக் கடன் என்றால் 60 நாள் நோட்டீஸ் வரும். அதை ஒரு நாளும் அசட்டையாக விடாதீர்கள். அங்கே காலக்கெடு தவறினால் வீடு போய்விடும்.

குழுக் கடன்

இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கே வசூலுக்கு ஆயுதமாக இருப்பது பக்கத்து வீட்டு அக்காதான். தவணை கட்டக் குழு கூடும் சென்டர் மீட்டிங்கில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி வரவில்லை. "அந்த அம்மா டியூ வராம யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்கிறார் வசூலுக்கு வந்த பையன். வெயில் ஏற ஏற மற்ற பெண்களின் கோபம் அந்தப் பையன் மேல் போவதில்லை, வராதவள் மேல்தான் போகிறது. கடைசியில் நான்கு பேர் அவள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சத்தம் போடுகிறார்கள். கம்பெனி ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் வேலையை முடித்துக்கொள்கிறது. பல வருடப் பழக்கம் ஒரு காலையில் முறிந்துபோகிறது. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

மைக்ரோ பைனான்ஸுக்கென்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14 அன்று தனி விதிகளை வெளியிட்டது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுக்கும் கடன்கள் இதில் அடங்கும். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவே கூடாது. மாதம் 16,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டில் மொத்தத் தவணை 8,000-க்குள் இருக்க வேண்டும். ஐந்து கம்பெனியில் வாரத் தவணை ஓடுகிற வீடுகளைப் பார்க்கும்போது, கடன் வாங்கியவர் மேல் மட்டும் பழி போடுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. கணக்குப் பார்க்காமல் கொடுத்தவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. உங்கள் வருமானம் எவ்வளவு என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார்கள் எனப் பாருங்கள். நீங்கள் சொல்லாத தொகை அதில் இருந்தால் அதுவே உங்கள் புகாரின் முதல் வரி.

குழுக் கடனுக்கு வசூல் நேரம் இன்னும் குறுகியது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. வசூல் நடக்க வேண்டிய இடம் இருவரும் ஒத்துக்கொண்ட பொது இடம்தான். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராமல் போனால் மட்டும் வீட்டுக்கு வரலாம். உறவினர், நண்பர், கூட வேலை செய்கிறவர் ஆகியோரைத் தொல்லை செய்யக் கூடாது. பாக்கிக்காரர் பெயரை ஊரறிய வெளியிடக் கூடாது. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்துவதும் தடை செய்யப்பட்ட செயல்தான். "ரேஷன் கார்டை நிறுத்திடுவாங்க", "பையனுக்கு வேலை கிடைக்காது" என்பதெல்லாம் இதில் வரும். தாமதக் கட்டணத்தைத் தவறிய தொகைக்குத்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது.

உங்களுக்குக் கொடுத்த லோன் கார்டை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வட்டி, கட்டணம், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் வரவு, குறைகளைக் கேட்கும் அதிகாரியின் பெயர், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பல வீடுகளில் இந்த அட்டை குழுத் தலைவியிடமோ கம்பெனி ஆளிடமோ இருக்கிறது. முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தப் பொறுப்பைக் கம்பெனி எழுத்தில் கேட்கட்டும். உங்களை அடியாளாக அனுப்பும் உரிமை எந்த ஒப்பந்தத்திலும் கிடையாது.

வாசலில் நிற்கும்போது

கதவைத் திறந்து பேசுவது நல்லது, ஆனால் வாசலுக்கு வெளியே. உள்ளே வந்து உட்காரச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. குரலை உயர்த்தாமல் இப்படிக் கேட்கலாம்: "தம்பி, உங்க பேரு என்ன, எந்தக் கம்பெனி? ஐடி கார்டு காட்டுங்க, போட்டோ எடுத்துக்கிறேன். இந்த மாசம் என்னால ஆயிரம்தான் முடியும், லோன் கணக்குலயே கட்டிடறேன். மீதிய எப்போ கட்டுவேன்னு ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கிறேன்." அவ்வளவு போதும். ஏன் கட்ட முடியவில்லை என்று குடும்பக் கதையை முழுக்கச் சொல்லத் தேவையில்லை. முடியாத தேதியைச் சொல்லி அந்த நேரத்துக்கு ஆளை அனுப்பிவிடாதீர்கள். பொய்த்துப்போன ஒவ்வொரு வாக்கும் அடுத்த முறை அவர் கத்துவதற்குச் சாக்கு.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். தேதி, மணி, யார் வந்தார், எந்த நம்பரிலிருந்து போன், என்ன சொன்னார் என்று அப்படியே எழுதுங்கள். அசிங்கமாகப் பேசியிருந்தால் அந்த வார்த்தையையே எழுதுங்கள், "தகாத வார்த்தை" என்று பூசி மெழுக வேண்டாம். கால் ரெக்கார்டிங், வாட்ஸ்ஆப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வசூல்காரரின் சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். அது கடன் கணக்கில் ஏறாமல் போனால் நிரூபிப்பது பெரும்பாடு.

கையெழுத்துப் போடாதவர் மேல் பொறுப்பு வராது. மகன் வாங்கிய கடனுக்கு அப்பாவிடமோ, கணவர் வாங்கிய கடனுக்கு மனைவியிடமோ, அவர்கள் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாத வரை கேட்க முடியாது. ஜாமீன் போட்டவர் மட்டும் கடன் வாங்கியவருக்குச் சமமாக மாட்டுவார். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், வாரிசுகளுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு.

கந்துவட்டியும் தண்டலும்

தண்டல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டியாக அது சுமார் 120 சதவீதம். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி என்று வாங்கினாலும் அதே 120 சதவீதம்தான்.

தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம். மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது: கடன் வாங்கியவர் தான் தர வேண்டியதை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கலாம். கொடுக்கப் போனாலும் வாங்க மறுத்து வட்டியை ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு எதிராக இது நல்ல கருவி.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்து இறந்தது. சட்டம் இருந்தும் அவர்களைக் காப்பாற்றவில்லை. 2025-ல் தமிழ்நாடு இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. கடன் நிறுவனங்கள் வலுக்கட்டாயமாக வசூலித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. தொல்லை தாங்காமல் உயிரை விடும் எண்ணம் யாருக்காவது வந்தால், கடன் கணக்கெல்லாம் அப்புறம். முதலில் மனநல உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ போன் செய்யுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது வாயைத் திறந்து சொல்லுங்கள். எந்தக் கடனும் தீர்க்க முடியாத அளவுக்குப் பெரியது கிடையாது.

வெற்று புரோநோட்டிலும் வெற்று செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், எந்தத் தேதியில், எவ்வளவு வாங்கியபோது கொடுத்தீர்கள் என்று இப்போதே நோட்டில் எழுதி வையுங்கள். புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. அது முடிவதற்குள் கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. வட்டிக்காரர்கள் வரவு எழுதுவதில் காட்டும் அக்கறைக்குக் காரணம் இதுதான்.

லோன் ஆப்

முறையான ஆப் என்றால் உங்கள் போனிலுள்ள காண்டாக்ட் லிஸ்ட், போட்டோ, கால் விவரம் எதையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. காண்டாக்ட் அனுமதி கேட்கிற ஆப்பைப் பார்த்ததும் விலகிவிடுங்கள். ஏற்கெனவே சிக்கி, படத்தை மார்பிங் செய்து எல்லோருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டினால், அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் செய்யுங்கள். அப்புறம் நெருங்கியவர்களுக்கு நீங்களே ஒரு மெசேஜ் போடுங்கள்: "என் போனை வைத்து மோசடிக்காரர்கள் பொய்ப் படம் அனுப்பலாம், திறக்க வேண்டாம், போலீஸில் சொல்லியிருக்கிறேன்." நீங்கள் முந்திக்கொண்டால் மிரட்டலில் பாதி பலம் போய்விடும்.

புகார் எங்கே, எப்படி?

முதலில் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. "எனது கடன் எண் இது. வேலை இழப்பால் இரண்டு தவணை கட்ட முடியவில்லை. இந்தத் தேதியில், இரவு 8.40 மணிக்கு, இந்த நம்பரிலிருந்து பேசியவர் இன்ன வார்த்தை சொன்னார். இந்தத் தேதியில் என் பக்கத்து வீட்டாரிடம் என் கடனைச் சொன்னார். இது ரிசர்வ் வங்கி விதிக்கு எதிரானது. இனி எழுத்தில் தொடர்புகொள்ளவும். மாதம் 1,500 ரூபாய் கட்டத் தயார், தவணையை மாற்றித் தரவும்." இவ்வளவுதான். கடைசி வரி முக்கியம். கட்ட மனமிருக்கிறவர் என்பதை அது ஆவணமாக்குகிறது.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது இந்தப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448-ல் தமிழிலேயே வழி கேட்டுக்கொள்ளலாம். அடிதடி, கெட்ட வார்த்தை, வீடு புகுதல், பெண்களிடம் தகாத பேச்சு என்றால் 30 நாள் காத்திருக்க வேண்டாம், நேராகக் காவல் நிலையம் போங்கள். மனு கொடுத்துவிட்டு, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்திலும், திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். கடனை வசூலித்துக் கொடுப்பது போலீஸின் வேலை கிடையாது. ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுதி வாங்க முயன்றால் வழக்கறிஞரோடு வருகிறேன் என்று சொல்லி நிறுத்துங்கள்.

செட்டில்மென்ட் பேசினால், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அதற்குப் பிறகு பாக்கி எதுவும் இல்லை என்று கம்பெனி லெட்டர்பேடில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். கட்டி முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழும் கொடுத்து வைத்திருந்த செக்குகளும் கைக்கு வர வேண்டும். குறைத்துக் கட்டினால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் "செட்டில்டு" என்று இருக்கும், அடுத்த கடன் கிடைப்பது சில காலம் சிரமமாகும். முழுத்தொகையை நீட்டித்துக் கட்ட முடிந்தால் நான் அதையே சொல்வேன். முடியாதவர்கள் செட்டில்மென்டுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் வைத்துத் தவணையைக் குறைத்துப் பேச முடியும், பலருக்கு வட்டியும் குறைந்திருக்கிறது. அங்கே கையெழுத்துப் போடும் முன், ஒத்துக்கொள்ளும் மாதத் தொகையை வீட்டு வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் போக மிஞ்சுவதோடு வைத்துப் பாருங்கள். லோக் அதாலத்தில் முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது.